டோர்னே ஆற்றை அளந்தவர்கள்

நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு ஆறு என்பது தீராத வழக்கு. கல்லை நட்டால் நட்ட இடத்தில் நிற்கும், ஆறு நிற்காது. கொள்ளிடத்தில் ஒரு பெருவெள்ளம் வந்து வடிந்தால் இந்தக் கரையின் படுகை அந்தக் கரையின் திட்டாகிவிடும். புலப்பட நூலில் ஒரு கோடு இருக்கும், தரையில் வேறொரு கோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவே மூன்று தலைமுறைப் பகை இருக்கும். அந்தக் கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு, ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே ஓடும் டோர்னே ஆற்றின் கதை படிக்கக் கிடைத்ததும் விட மனம் வரவில்லை. மகள் வேலைக்காக வட ஸ்வீடனின் லூலியோ நகரில் குடியேறிய பிறகு அந்தப் பள்ளத்தாக்கை நேரிலும் பார்த்தேன்.

பூமியின் உருவம் என்ன என்று அறிய அங்கே அளந்தார்கள். நாட்டுக்கு எல்லை போட அளந்தார்கள். கடைசியில் மனிதர்களின் தலைகளையும் அளந்தார்கள். இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க என் தொழில் மனம் ஒப்பவில்லை.

ஆறு பிறப்பது நார்வே எல்லை மலைகளை ஒட்டிய டோர்னேட்ரஸ்க் என்ற நீண்ட ஏரியில். அங்கிருந்து 500 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, பொத்னியா வளைகுடாவின் வடமுனையில் கடலில் கலக்கிறது. பாதி வழியில் யூனோசுவாண்டோ என்ற ஊருக்கு அருகே ஆறு இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த தண்ணீர் தாரெண்டோ என்ற கிளையாகப் போய்ப் பக்கத்துப் பள்ளத்தாக்கின் கலிக்ஸ் ஆற்றில் சேர்ந்துவிடுகிறது. கடலோரத்தில் ஆறு பிரிவது எங்கும் உண்டு. நாட்டின் உள்ளே, காட்டுக்கு நடுவில், ஓர் ஆறு தன் நீரை இன்னோர் ஆற்றுக்கு இவ்வளவு தாராளமாகக் கொடுப்பது உலகில் அரிது. பயாலா என்ற ஊரைத் தாண்டியதும் வடக்கிலிருந்து முவோனியோ ஆறு வந்து சேர்கிறது. அங்கிருந்து கடல் வரை டோர்னேதான் இரு நாட்டு எல்லை.

ஸ்வீடனின் பெரிய ஆறுகள் பெரும்பாலும் அணைகளுக்குள் அடங்கிவிட்டன. டோர்னேயின் முதன்மை ஓட்டத்தில் அணை இல்லை. குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடி, ஆறே சாலையாகிவிடும். மே மாதத்தில் அந்தக் கட்டி வெடித்து, பாளம் பாளமாகக் கரையை இடித்துக்கொண்டு இறங்கும். கடலிலிருந்து சால்மன் மீன்கள் இன்றும் ஏறி வருகின்றன. 2014இல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஏறியதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அளவைக்காரனின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது. அங்கே நிலம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பனியுகத்தில் அந்தப் பகுதியின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி உட்கார்ந்து நிலத்தை அழுத்தியிருந்தது. பனி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்பும், அழுத்தம் நீங்கிய நிலம் மேலே வந்தபடியே இருக்கிறது. பொத்னியா வளைகுடாவின் வடகரையில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். நூறாண்டில் முக்கால் மீட்டருக்கு மேல். மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் 1621இல் ஆற்று முகத்துவாரத்து ஒரு தீவில் டோர்னியோ நகரை நிறுவியபோது அது நல்ல துறைமுகம். பிற்காலத்தில் ஆழம் குறைந்து, கப்பல்கள் தூரத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. தீவுக்கு மேற்கே இருந்த வாய்க்காலும் மெல்ல மெல்லச் சேறாகி, புல்வெளியாகிவிட்டது. இந்தப் புல்வெளி பின்னால் ஒரு வம்புக்குக் காரணமாகப் போகிறது.

முதல் அளவுக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரிய சண்டை. பூமி துருவங்களில் தட்டையானது என்றார் நியூட்டன். இல்லை, துருவத்தை நோக்கி நீண்டது என்று பிரான்சின் கசினி குடும்பத்தார் தங்கள் அளவுகளைக் காட்டினார்கள். தீர்க்க ஒரே வழிதான்: நிலநடுக்கோட்டுக்கு அருகே ஒரு பாகை நீளத்தையும், துருவத்துக்கு அருகே ஒரு பாகை நீளத்தையும் அளந்து ஒப்பிடுவது. வடக்கில் பாகை நீளமாக இருந்தால் அங்கே வளைவு குறைவு, அதாவது தட்டை. பாரிஸ் அறிவியல் கழகம் ஒரு குழுவைப் பெருவுக்கு அனுப்பியது. இன்னொரு குழு மோபெர்த்துயி தலைமையில் 1736 கோடையில் டோர்னியோவில் வந்து இறங்கியது. அதில் கணித மேதை கிளேரோ இருந்தார். ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் செல்சியஸ் இருந்தார். இன்று வெயிலின் அளவைச் சொல்லும்போது நாம் சொல்லும் செல்சியஸ் அவர்தான். வெப்ப அளவை முன்வைத்தது அதற்குப் பிறகு, 1742இல். கடல் மட்டம் இறங்குகிறதா என்று அறிய 1731இலேயே கடலோரப் பாறை ஒன்றில் அவர் கோடு வெட்டி வைத்திருந்தார். நிலம் உயர்வது அன்று யாருக்கும் தெரியாது; ஆனால் பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குறியை விட்டுப் போனார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர்கள் ஏன் இந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தார்கள்? டோர்னே ஏறக்குறைய நேர் வடக்கு தெற்காக ஓடுகிறது. இரண்டு கரையிலும் குன்றுகள். படகு போக ஆறு இருக்கிறது. டோர்னியோ தேவாலயக் கோபுரம் தெற்கு முனை. பெல்லோவுக்கு அருகே உள்ள கிட்டிஸ் குன்று வடக்கு முனை. நடுவே ஆவசக்சா, புல்லிங்கி போன்ற குன்றுகளின் உச்சியில் மரங்களை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தார்கள். பட்டை உரித்த மரங்களைக் கூம்பாகக் கட்டி நிறுத்தினார்கள். வெள்ளையாக இருப்பதால் தூரத்துக் குன்றிலிருந்து தெரியும். கொசு அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. படகை அருவிப் பாய்ச்சல்களில் ஏற்றி இறக்கியவர்கள் உள்ளூர்ப் பின்னிஷ் ஆட்கள். மோபெர்த்துயி பிறகு எழுதிய புத்தகத்தில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. சங்கிலி பிடித்தவன் பெயரும் கொடி பிடித்தவன் பெயரும் எந்த ஊர் அளவையிலும் இருப்பதில்லை, இது எனக்கு நன்றாகத் தெரியும்.

முக்கோண அளவையில் கோணங்கள் மட்டும் போதாது. ஒரு பக்கத்தையாவது தரையில் கோல் வைத்து அளந்தே ஆக வேண்டும். அதுதான் அடிக்கோடு, நாங்கள் பேஸ்லைன் என்போம். மேடுபள்ளம் இல்லாத இடம் வேண்டும். அந்தக் காட்டு நாட்டில் சமதளத்துக்கு எங்கே போவது? டிசம்பரில் ஆறு உறையும் வரை காத்திருந்து, பனிக்கட்டியின் மேலேயே அளந்தார்கள். ஊசியிலை மரத்தில் செய்த நீளக் கோல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து இரண்டு குழுக்கள் தனித்தனியே 14 கிலோமீட்டருக்கு மேல் அளந்தன. பகல் என்று சொல்ல அங்கே அப்போது சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான். குடிக்கக் கொண்டுபோனவற்றில் பிராந்தி மட்டுமே உறையாமல் இருந்தது. குவளையில் உதடு வைத்தால் ஒட்டிக்கொண்டது என்று மோபெர்த்துயி எழுதியிருக்கிறார். முடிவில் இரண்டு குழுக்களின் அளவுக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம். விறைத்த கையோடு, மரக்கோலை வைத்து, 14 கிலோமீட்டரில் நான்கு அங்குலம்! நல்ல வெயிலில் ஸ்டீல் டேப் பிடித்து வேலை செய்தவன் என்ற முறையில் அந்த மனிதர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

டோர்னே பள்ளத்தாக்கில் ஒரு பாகையின் நீளம் 57,438 துவாஸ் என்று கணக்கு வந்தது. துவாஸ் என்பது அன்றைய பிரெஞ்சு அளவு, நம் கணக்கில் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாரிஸ் பக்கத்தில் பிகார் முன்பு அளந்தது 57,060. வடக்கில் பாகை நீளம். நியூட்டன் வென்றார். ஆனால் கதை இதோடு முடியவில்லை. 1801 முதல் 1803 வரை ஸ்வீடன் கணிதர் ஸ்வான்பேரி அதே பள்ளத்தாக்குக்குப் போய் மறுபடி அளந்தார். மோபெர்த்துயியின் பாகை ஏறக்குறைய 200 துவாஸ் கூடுதல் நீளமாகிவிட்டது என்று கண்டுபிடித்தார். பூமி தட்டைதான், ஆனால் மோபெர்த்துயி சொன்ன அளவுக்கு இல்லை. முதல் அளவில் பிழை இருந்தது, இரண்டாம் அளவு அதைத் திருத்தியது, திருத்தியது அச்சில் வந்தது. அளவை என்ற தொழிலின் மானம் இதில்தான் இருக்கிறது.

ஸ்வான்பேரி அங்கே இருந்த அதே காலத்தில், 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை அளந்துகொண்டிருந்தார். இந்தியப் பெரும் முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. தெற்கே ஒரு பாகை, வடக்கே ஒரு பாகை: இரண்டும் ஒரே கேள்விக்கான விடையின் இரண்டு பாதிகள். பிறகு 1816 முதல் 1855 வரை ஸ்த்ரூவ என்ற வானியலாளர் கருங்கடல் பக்கத்திலிருந்து நார்வேயின் ஹாம்மர்ஃபெஸ்ட் வரை 2,820 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வில்லை அளந்தபோதும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே போனார். அதன் நிலையங்களில் 34 இடங்கள் 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆலாடோர்னியோ தேவாலயக் கோபுரம் அவற்றில் ஒன்று. அதன் அடியில் நான் நெடுநேரம் நின்றேன்.

இரண்டாவது அளவு போருக்குப் பின் வந்தது. 1808இல் ரஷ்யா படையெடுத்தது. அதுவரை பின்லாந்தின் பெரும்பகுதி ஸ்வீடன் அரசுக்கு உட்பட்டது. டோர்னே பள்ளத்தாக்கு நாட்டின் ஓரம் அல்ல, உள்ளே இருந்த இடம். இரு கரையிலும் ஒரே மக்கள், ஒரே பின்னிஷ் பேச்சு, ஒரே திருச்சபை வட்டாரங்கள். வீடு ஒரு கரையில், வைக்கோல் வெட்டும் புல்வெளி மறு கரையில் அல்லது நடுத் தீவில். பெண் கொடுத்து எடுத்ததெல்லாம் ஆற்றைத் தாண்டித்தான். ஸ்வீடன் தோற்றது. 1809 செப்டம்பர் 17இல் ஃப்ரெட்ரிக்ஸ்ஹாம்னில் கையெழுத்தான உடன்படிக்கை பின்லாந்தை ரஷ்யப் பேரரசருக்குக் கொடுத்தது. எல்லை எது என்பதில் பேரம் நடந்தது. பின்னிஷ் பேசுவோர் மேற்கே கலிக்ஸ் ஆறு வரை இருப்பதால் கலிக்ஸ்தான் எல்லை என்றது ரஷ்யா. கிழக்கே உள்ள கெமி ஆறு என்றது ஸ்வீடன். இரண்டுக்கும் நடுவில் கிடந்தது டோர்னே. நடுவைப் பிடித்து முடித்துக்கொண்டார்கள். அந்தக் கரைகளில் வாழ்ந்த ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

ஆற்றின் ஆழமான ஓட்டமே எல்லைக் கோடு என்பது விதி. எந்த அளவையாளரும் ஒப்புக்கொள்ளும் விதி அது. ஆனால் டோர்னியோ நகரம் அந்த ஆழ ஓட்டத்துக்கு மேற்கே இருந்தது. விதிப்படி அது ஸ்வீடனுக்குப் போக வேண்டும். துறைமுகமும் வணிகர்களும் உள்ள நகரத்தை ரஷ்யா விடுமா? அந்த ஓர் இடத்தில் மட்டும் கோட்டை வளைத்து, தீவுக்கு மேற்கே உள்ள வாய்க்கால் வழியே எல்லையைக் கொண்டுபோனார்கள். அந்த வாய்க்கால்தான் நான் சொன்ன புல்வெளி. இன்று அங்கே ஆற்றைக் கடக்காமலேயே நடந்து நாடு மாறலாம். பின்லாந்துக்குள் போகும்போது கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும்.

நகரத்தை இழந்த ஸ்வீடன், எதிர்க்கரையில் ஹபராண்டா என்ற கிராமத்தை 1821இல் வணிகத் தலமாக்கியது. 1842இல் அது நகரமானது. சிறிய ஊர். ஆனால் முதல் உலகப் போரின்போது உலகமே அதன் வழியே போனது. ரஷ்யாவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும் நடுவே கடலும் தரையும் போர்முனையாகிவிட்ட நிலையில், நடுநிலை நாடான ஸ்வீடனின் இந்த மூலைதான் திறந்திருந்தது. அஞ்சல் மூட்டைகள் மலைபோல் குவிந்தன. ஊனமுற்ற போர்க்கைதிகளை இரு தரப்பும் இங்கே மாற்றிக்கொண்டன, பல்லாயிரம் பேர். வழியிலேயே இறந்தவர்கள் ஹபராண்டாவில் புதைக்கப்பட்டார்கள். 1917 ஏப்ரலில் நாடு திரும்பிய லெனினும் பனிக்கட்டியின் மேல் பனிச்சறுக்கு வண்டியில் இந்த ஆற்றைக் கடந்தார். ரயில் பாலம் 1919இல்தான் வந்தது. ஸ்வீடன் தண்டவாளத்தின் அகலம் வேறு, ரஷ்யா போட்ட பின்லாந்து தண்டவாளத்தின் அகலம் வேறு என்பதால் பாலத்தில் இரண்டு அகலத்துக்கும் இருப்புப் பாதை போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு எல்லைக்கும் அங்குள்ள மக்கள் என்ன செய்தார்கள் என்றால், பெரும்பாலும் மதிக்கவில்லை. காப்பி, சர்க்கரை, வெண்ணெய், குதிரை என்று எந்தக் கரையில் எது தட்டுப்பாடோ அது இரவில் கடந்து போனது. அதை அவர்கள் குற்றமாக நினைக்கவில்லை. 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்லாந்தின் லாப்லாந்து ஊர்களை எரித்தபோது, 50,000க்கும் அதிகமானவர்கள் ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களில் பலர் மாடுகளை ஓட்டிக்கொண்டு இந்த ஆற்றைத்தான் கடந்தார்கள். எதிர்க்கரையில் அவர்களைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சித்தப்பா வீடும் அத்தை வீடும் அங்கேதான் இருந்தன.

ஹபராண்டாவுக்கு வடக்கே குக்கோலா என்ற இடத்தில் ஆறு பாறைகளின் மேல் நுரைத்து இறங்குகிறது. கரையிலிருந்து மரக்கழிகளால் தண்ணீருக்குள் மேடை கட்டி, அதன் நுனியில் நின்று, மிக நீளமான கழியில் பூட்டிய கைவலையால் வெள்ளைமீனைக் கோரி எடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் பனிக்கட்டி மேடையை அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஆண்டும் மறுபடி கட்டுவார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கும் வேலை இது. என்னை ஈர்த்தது பங்கு முறை. மீன்பிடிக்கும் முறை வீடுகளுக்குள் சுற்றி வருகிறது. பிடித்ததை உரிமையுள்ள வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். கையில் வலை பிடித்திருந்த பெரியவரிடம், என் மகள் மொழிபெயர்க்க, எல்லைக் கோடு எங்கே என்று கேட்டேன். நுரைக்கு நடுவே எங்கோ கையைக் காட்டிவிட்டு, மீனுக்கு உப்புத் தடவப் போனார். குச்சியில் குத்தி நெருப்போரம் நிறுத்திச் சுட்ட அந்த மீனை எங்களுக்கும் கொடுத்தார்.

மூன்றாவது அளவைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. 1809க்குப் பிறகு ஸ்வீடன் கரையில் பின்னிஷ் பேசியவர்கள் திடீரென்று ஒரு சிறுபான்மை ஆனார்கள். அதுவும் ரஷ்யாவின் வாசலில் உள்ள சிறுபான்மை. தலைநகரத்துக்குச் சந்தேகம் வந்தது: இவர்கள் யார் பக்கம்? 1888 முதல் அரசே அந்தப் பகுதியில் பள்ளி நடத்தப் பணம் கொடுத்தது, ஸ்வீடிஷ் மட்டுமே கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. விளையாட்டு நேரத்தில்கூடத் தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1902இல் விளைச்சல் பொய்த்து, மறு ஆண்டு முதல் ஏழைக் குழந்தைகளுக்கான விடுதிகள் திறக்கப்பட்டன. சோறு போட்டார்கள், உண்மை. வேலையும் வாங்கினார்கள், அம்மாவின் பேச்சையும் வாயிலிருந்து எடுத்தார்கள். அந்த விடுதிகள் 1950கள் வரை நடந்தன.

1922இல் உப்சாலா நகரில் ஸ்வீடன் அரசு இன உயிரியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. தலைவர் ஹெர்மன் லுண்ட்போரி. அவருடைய ஆட்கள் வடக்கே போய், அங்கத்திய பழங்குடியினரான சாமி மக்களையும் பின்னிஷ் பேசுவோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். தலையின் நீள அகலத்தைக் கருவியால் அளந்தார்கள். ஆடையின்றிப் புகைப்படம் எடுத்தார்கள். பள்ளிக் குழந்தைகளையும் விடவில்லை. எண்கள், அட்டவணைகள், வரைபடங்கள், எல்லாம் அறிவியலின் உடுப்பு. அதே உப்சாலாவின் பல்கலைக்கழகத்தில்தான் செல்சியஸ் பேராசிரியராக இருந்தார் என்பதை நினைத்தால் மனம் குன்றிப்போகிறது. அவருடைய குழு குன்றின் மேல் வைத்த கருவியை ஒரு கேள்வி இயக்கியது. லுண்ட்போரியின் ஆட்கள் கையில் வைத்திருந்த கருவிக்குக் கேள்வியே இல்லை. யார் தாழ்ந்தவர் என்ற முடிவை வீட்டிலிருந்தே கொண்டுவந்தார்கள், எண்களை மட்டும் அங்கே சேகரித்தார்கள்.

ஆற்றின் பின்லாந்துக் கரையில் அதே பேச்சு பள்ளிக்கும் செய்தித்தாளுக்கும் அலுவலகத்துக்கும் போனது. ஸ்வீடன் கரையில் அது அடுப்படிக்குள்ளும் மீன்பிடி மேடைக்குள்ளும் ஒடுங்கியது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசாமல் விட்டார்கள், பள்ளியில் அடி வாங்கக் கூடாதே என்று. மெயன்கியேலி என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பேச்சை ஸ்வீடன் 2000இல்தான் தேசியச் சிறுபான்மை மொழியாக ஏற்றது.

எல்லை இன்று திறந்தே கிடக்கிறது. நார்டிக் நாடுகளுக்குள் கடவுச்சீட்டில்லாத போக்குவரத்து 1950களில் வந்தது; 1995இல் இரு நாடும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. 2020இல் கொரோனா வந்தபோது டோர்னியோவுக்கும் ஹபராண்டாவுக்கும் நடுவே வேலி போட்டார்கள். வேலியின் இரு பக்கமும் நின்று குடும்பங்கள் பேசிக்கொண்டன. பிறகு வேலியை எடுத்துவிட்டார்கள். ஆறு மணலை இழுத்து இடம் மாறுவதால் ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒரு முறை இரு நாட்டு அளவையாளர்களும் எல்லைக் கோட்டைச் சேர்ந்து சரிபார்க்கிறார்கள். எந்த நாட்டு நிலவரி அலுவலகமும் அவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

மோபெர்த்துயியின் 200 துவாஸ் பிழையைத் திருத்த அவர்களுக்கு 67 ஆண்டுகள் போதுமாக இருந்தது. பள்ளிகளிலும் தலைகளை அளந்த முகாம்களிலும் செய்த பிழையை அரசு நியமித்த உண்மை ஆணையம் எழுத்தில் பதிவு செய்ய 2023 நவம்பர் ஆயிற்று. அந்த அறிக்கைக்கு வைத்த தலைப்பு: ‘நாங்கள் இருந்ததே இல்லை என்பதுபோல’.